சகலைக்குத் துணையாக

வாழ்க்கையில் ஒரே ஒரு விஷயத்தையாவது மனைவிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது என்று பிரேக் மாஸ்டர் அன்று காலை உறுதி பூண்டார். உறுதி பூண்ட இடம் குளியலறை. நின்ற கோலம் ஒற்றைக்கால். ஒரு கையில் சுவர், மறு கையில் பேன்ட்.

நடந்தது இதுதான். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். "பிரேக்! பிரேக்!" என்று நாள் முழுக்கக் கத்துவதால் வந்த பட்டப்பெயர் அது. கற்றுக்கொள்ள வந்த ஆள் வாசலில் நின்ற ஸ்கூல் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். துவைத்துப் போட்ட உள்ளாடை காயவில்லை. சரி, ஒரு நாள்தானே என்று வெறும் பேன்ட்டை மாட்டிக்கொண்டு சரக்கென்று ஜிப்பை இழுத்தார். ஜிப் ஏறியது. பாதி வழியில் அவரையும் ஏற்றிக்கொண்டது.

ஊரையெல்லாம் பிரேக் போடச் சொன்ன மனிதர், தனக்குப் போட மறந்துவிட்டார்.

"அம்மா!"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பாட்டு!"

"என்ன பாட்டு?"

"பழைய பாட்டு."

"அம்மான்னு ஆரம்பிச்சு அங்கயே நின்னுடுச்சே. அடுத்த வரி?"

"மறந்துபோச்சு!"

பல்லைக் கடித்துக்கொண்டு ஜிப்பை மெல்ல இறக்கினார். நல்ல காலம், விட்டுவிட்டது. முன்தோலில் ஒரு சின்னக் கிழிசல். நாலைந்து சொட்டு ரத்தம். சுத்தமான துண்டால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்ததும் நின்றும் போனது. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. அவர்தான் முடியவிடவில்லை.

மனைவிக்கு ஏன் தெரியக்கூடாது? வெட்கம்தான். அதோடு பயமும். அந்த அம்மாளுக்கு வேலை, துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் புகார் கேட்பது. நாள் முழுக்க யாராவது போன் பண்ணி "மெஷின் தானா நின்னுடுச்சு" என்பார்கள். எதுவுமே தானாக நிற்பதில்லை என்பது அவள் அனுபவம். "சரிங்க. நிக்கறதுக்கு முன்னாடி உள்ள என்ன போட்டீங்க?" என்று தேன் குழைத்துக் கேட்பாள். ஒருவர் "துணிதான்" என்பார். அவள் ஏழெட்டுக் கேள்வி கேட்பாள். கடைசியில் அந்த மனிதர் தன் பல் செட்டையும் உள்ளே போட்டதை ஒப்புக்கொள்வார். குரலை ஒரு தடவைகூட உயர்த்தமாட்டாள். போனை வைக்கும்போது அவர்களே நன்றி சொல்லிவிட்டு வைப்பார்கள்.

அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தாள். அதுதான் சிக்கல்.

வாசலில் நின்ற ஆளை "வயிறு சரியில்ல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனார் மாஸ்டர். எதிர்வீட்டுக்காரர் வெகுகாலம் பெயின்ட் கடை வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு வைத்தியம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். எனக்கில்ல. என் ஃப்ரெண்டுக்கு. ஒரு சின்னக் காயம்."

"எங்க?"

"முன்னாடி."

"வீட்டுக்கு முன்னாடியா?"

"ஆளுக்கு முன்னாடி."

"நெத்தியிலயா?"

"இன்னும் கீழ."

"மூக்கா?"

"இறங்கிட்டே வாங்க சார்."

எதிர்வீட்டுக்காரரின் பார்வை லிஃப்ட் மாதிரி ஒவ்வொரு மாடியாக இறங்கியது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் நின்றது.

"ஓகோ!" என்றார். "அதுவா? ரொம்ப சிம்பிள். எந்தப் பரப்பா இருந்தாலும் முதல்ல நல்லா சுத்தம் பண்ணணும். தோலை முழுசா பின்னால தள்ளிடச் சொல்லுங்க. ஷேவ் பண்ணதும் போடற சென்ட் இருக்குல்ல, அதைத் தாராளமா அடிக்கச் சொல்லுங்க. அப்புறம் மூடக்கூடாது. அப்படியே விட்டுடணும். காத்தாடக் காஞ்சாத்தான் பிடிக்கும்."

"எரியாதுங்களா?"

"உங்க ஃப்ரெண்டுதானே? உங்களுக்கென்ன?"

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவைத் தாழிட்டார். சொன்னபடியே செய்தார். அடுத்த நிமிடம் உள்ளே ஒரு பெரிய நாட்டியக் கச்சேரி நடந்தது. வாளி உருண்டது. சொம்பு தாளம் போட்டது.

"என்னங்க, மறுபடியும் பாட்டா?"

"இல்ல! எக்ஸர்சைஸ்!"

"காலையில பாட்டு, இப்ப ஆட்டம். நல்லாத்தான் போகுது இன்னைக்கு."

வெளியே வந்தவர் இருப்பதிலேயே தொளதொளப்பான பைஜாமாவைப் போட்டிருந்தார். கால் விரலில் அடிபட்டதாகச் சொல்லி நொண்டினார். ஹாலிலிருந்து வாசல்வரைக்கும் இடது காலில் நொண்டினார். வாசலிலிருந்து திரும்பும்போது வலது காலில் நொண்டினார். மனைவி காய் நறுக்கியபடியே அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானம் மாஸ்டர் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உக்காந்து சாப்பிடலாமே?"

"நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்குமாம்."

"யாரு சொன்னா?"

"எதிர்வீட்டு சார்."

"அவர் பெயின்ட் கடைதானே வெச்சிருந்தார்?" என்றாள். பிறகு அவர் முகத்தருகே வந்து லேசாக முகர்ந்தாள். "சென்ட் வாசனை தூக்குது. ஷேவ்தான் பண்ணல போலிருக்கே."

மாஸ்டர் தாடையைத் தடவினார். சொரசொரவென்று இருந்தது.

"பண்ணலாம்னு நினைச்சேன். பாதியில மனசு மாறிடுச்சு."

"ஓ" என்றாள் அவள். குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பி வந்தாள். அப்புறம் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் ஓய்ந்துவிட்டாள், தான் ஜெயித்துவிட்டோம் என்று மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

குஷி நீடிக்கவில்லை. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போய்ப் பார்த்தார். பின்னால் தள்ளிய தோல் பின்னாலேயே நின்றது. முன்னால் வரமாட்டேன் என்றது. அதைச் சுற்றி மோதிரம் மாட்டியதுபோல ஒரு வீக்கம். மெதுவாக இழுத்தார். வலித்தது. கொஞ்சம் பலமாக இழுத்தார். வீக்கம்தான் கூடியது. ரிவர்ஸ் கியரிலேயே மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி ஆகிவிட்டது நிலைமை. நாளைக்குள் தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆஸ்பத்திரி ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அங்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லவேண்டுமே! அதற்கு இந்த வலியே மேல் என்று தோன்றியது அவருக்கு.

வெளியே வந்தபோது மனைவி போனைக் காதில் வைத்துப் பதறிக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ! அத்தானுக்கா? ஜிப்புலயா? ஏன்க்கா, டாக்டர்கிட்ட போகலியா? வெக்கப்படறாரா? நல்லா இருக்கே! நீ வை, நான் விசாரிச்சு சொல்றேன்."

மாஸ்டருக்குக் காது இரண்டும் விடைத்துக்கொண்டன. "என்னம்மா ஆச்சு?"

"அதை எப்படிங்க நான் உங்ககிட்ட சொல்றது..." என்று இழுத்தாள் அவள். "அக்கா வீட்டுக்காரருக்கு ஜிப்புல மாட்டி அந்த இடத்துல காயமாம். வெளிய சொல்ல வெக்கமாம். பாவம்."

சகலைக்குமா! உலகத்தில் தான் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததும் மாஸ்டருக்கு அப்படி ஒரு ஆறுதல். நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். "இதுல வெக்கம் என்ன? உடம்புன்னா ஆயிரம் இருக்கும். படிச்ச மனுஷன் இப்படியா மறைச்சு வெப்பார்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். இருங்க, ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட கேட்டுடுவோம். ஏதாவது கேட்டாங்கன்னா ஒரு ஆம்பளைங்கற முறையில நீங்க கொஞ்சம் உதவி பண்ணணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டாள். நர்ஸின் குரல் நிதானமாக வந்தது.

"ரத்தம் நின்னுடுச்சாம்மா?"

மனைவி கணவனைப் பார்த்தாள். "நின்னிருக்குமாங்க?"

"நின்னிருக்கும். துண்டை வெச்சு அழுத்தினா நின்னுடும்" என்றார் மாஸ்டர். "நின்னிருக்கணும்னு நினைக்கறேன்."

"மேல ஏதாவது போட்டாரா?"

"போட்டிருப்பாரா?"

"சென்ட்" என்றார் மாஸ்டர். நாக்கைக் கடித்துக்கொண்டார். "சகலை குணம் எனக்குத் தெரியும். அப்படித்தான் எதையாவது செய்வார்."

"சென்டா?" நர்ஸ் உச்சுக் கொட்டுவது கேட்டது. "வெறும் தண்ணி போதுமேம்மா. சரி, யூரின் போறாரா?"

மனைவி தன் அலுவலகக் குரலுக்கு மாறினாள். "தண்ணி சரியா வெளியேறுதான்னு கேக்கறாங்க."

"கொஞ்சம் எரிச்சல். ஆனா போகுது."

"எரிச்சலோட போகுதாம்."

"தோலைப் பின்னால தள்ளினாரா?"

"தள்ளினேன்... தள்ளினாராம்னு வெச்சுக்கோயேன்."

"திரும்ப முன்னால வந்துடுச்சா?"

மாஸ்டர் பைஜாமா நாடாவைத் திருகினார். மனைவி காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வரல. வரவே மாட்டேங்குது. மோதிரம் மாதிரி சுத்தி வீங்கியிருக்கு."

அதைக் கேட்டதும் நர்ஸின் நிதானம் போய்விட்டது. "அம்மா, உடனே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க. காயம் ஒண்ணும் பெரிசில்ல. அந்த இறுக்கம்தான் ஆபத்து. விட்டா ரத்த ஓட்டமே நின்னுடும். கையால பிடிச்சு இழுக்க வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே கிளம்பச் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டரின் முகத்தில் ரத்த ஓட்டம் அப்போதே நின்றிருந்தது.

மனைவி அவர் தோளைத் தொட்டாள். "என்னங்க, ஒரு உதவி. அத்தான் தனியா போகமாட்டாராம். துணைக்கு நீங்க போறீங்களா? நீங்க சொன்னா கேட்பார். கால்விரல் வலியோட அலைய வேண்டியிருக்கேன்னுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

கால்விரலா! அப்படி ஒன்று இருப்பதையே மாஸ்டர் மறந்துபோயிருந்தார். அவர் மூளை மளமளவென்று கணக்குப் போட்டது. சகலையோடு போகலாம். சகலை டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், "இருங்க, இந்தக் கால்விரலையும் காட்டிட்டு வந்துடறேன்" என்று நைசாக உள்ளே நுழைந்துவிடலாம். மனைவிக்கு மூச்சுக்கூடத் தெரியாது. என்ன அதிர்ஷ்டம்! என்ன சாமர்த்தியம்!

"குடும்பம்னா இதுக்குக்கூட உதவலேன்னா எப்படி?" என்று எழுந்தார். ஒரு முனகலும் கூடவே எழுந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. சகலை பேக்கரி நடத்துகிறவர். சட்டைக் கையில் மாவு அப்பியிருக்க, துள்ளிக் குதித்து இறங்கினார். நாலே எட்டில் வீட்டுப் படியேறினார். மாஸ்டர் அசந்துபோனார். அந்த இடத்தில் அப்படி ஒரு காயத்தை வைத்துக்கொண்டு என்ன நடை! என்ன மனத்திடம்!

"வாங்க சகலை, பின் சீட்டுல சாஞ்சு உக்காருங்க. தலகாணி போட்டிருக்கேன்" என்றார் சகலை.

"நீங்களே ஓட்டறீங்களா? வலிக்காதா?"

"எனக்கென்ன வலி?"

மாஸ்டர் மனத்துக்குள் ஒரு சல்யூட் அடித்தார். வழியில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் "பிரேக்! பிரேக்!" என்று பின்னாலிருந்து அலறினார். சகலை ஒவ்வொரு தடவையும் பூப்போல வண்டியை ஏற்றி இறக்கினார். அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவதில் தன்னிடம் படித்த ஒருவரும் இந்த அளவுக்கு வந்ததில்லை என்று மாஸ்டருக்குப் பட்டது.

"சகலை, தைரியமா இருங்க" என்றார் மாஸ்டர். "டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. வெக்கப்பட்டா நமக்குத்தான் நஷ்டம்."

"ரொம்பச் சரியா சொன்னீங்க" என்றார் சகலை. கண்ணாடியில் அவர் மீசை ஏனோ துடித்தது.

ஆஸ்பத்திரியில் உட்காரக்கூட நேரமில்லை. கதவு திறந்தது. நர்ஸம்மா தலையை நீட்டினார். "டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் யாருங்க? வாங்க, டாக்டர் காத்திட்டிருக்கார்."

மாஸ்டர் சகலையைப் பார்த்தார். சகலை மாஸ்டரைப் பார்த்தார்.

"நீங்கதான் போகணும் சகலை" என்றார் பேக்கரிக்காரர் கனிவாக. "நான் சும்மா துணைக்கு. நீங்க தனியா வரக் கூச்சப்படுவீங்கன்னு உங்க வீட்டுக்காரம்மா முன்னாடியே எனக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிட்டாங்க."

"அப்ப உங்களுக்கு ஜிப்புல...?"

"நான் எலாஸ்டிக் ஆளு."

"அவ அக்காகிட்ட போன்ல பேசினாளே! நான் காதால கேட்டேனே!"

"அந்தப் பக்கம் யாருமே இல்ல சகலை. சும்மா போனைக் காதுல வெச்சுப் பேசியிருக்காங்க. எதிர்வீட்டு மனுஷர் குப்பை கொட்டற இடத்துல பார்த்து, 'உங்க வீட்டுக்காரரோட ஃப்ரெண்டுக்கு எப்படி இருக்கு? நல்லா பின்னால தள்ளி சென்ட் அடிக்கச் சொன்னேனே, காஞ்சிருச்சா?'ன்னு கேட்டாராம். உங்களுக்கு ஏது ஃப்ரெண்டு? கொடியில காயாத உள்ளாடை, காலையில 'அம்மா' பாட்டு, ஜிப்புதான்னு அங்கயே பொறி தட்டிடுச்சாம். தோல் திரும்ப வந்துச்சோ இல்லையோங்கறதுதான் அவங்களுக்குப் பயம். நேரா கேட்டா நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் என்னைப் பலிகடாவாக்கிட்டாங்க."

மாஸ்டருக்குக் கோபம் வரப் பார்த்தது. வரவில்லை. காலையிலிருந்து அவள் ஒரு தடவைகூட அவரை நேராகக் குடையவில்லை. அவர் மானத்தில் ஒரு நூல் பிரியாமல், அவரை அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்து, அவர் காலாலேயே ஆஸ்பத்திரிக்கு நடக்க வைத்துவிட்டாள். பல் செட் ஆசாமி ஏன் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார் என்று இப்போது புரிந்தது.

டாக்டர் வயதானவர். எதிர்வீட்டு வைத்தியம் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவசரமில்லாத கை. மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவினார். துணியில் சுற்றிய ஐஸை வைத்தார். பிறகு வீக்கத்தைக் கையால் நிதானமாக அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். மாஸ்டர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். அதுவும் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொள்வதுபோல இருந்தது. வீக்கம் வடிந்தது. ஒரு கட்டத்தில் தோல் நழுவி முன்னால் வந்து தன் இடத்தில் அமர்ந்தது. மாஸ்டர் விட்ட பெருமூச்சில் மேஜையிலிருந்த காகிதங்கள் பறந்தன.

"ராத்திரி முழுக்க விட்டிருந்தா கத்தி வெச்சிருக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்தீங்க. யாரு கூட்டிட்டு வந்தா?"

"என் மனைவி" என்றார் மாஸ்டர். "வீட்ல இருந்தபடியே."

டாக்டர் கைகழுவிக்கொண்டே பேசினார். "காயம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. நீங்க சும்மா இருந்திருந்தாலே ஆறியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணி ஊத்திக் கழுவினா போதும். சோப்பு, சென்ட், டிஞ்சர் எதுவும் அங்க ஆகாது. தேய்க்காம ஒத்தித் துடைங்க. உராயாம இருக்க லேசா வாசலின் தடவிக்கலாம். தொளதொளன்னு பருத்தித் துணி போடுங்க. ஆறுற வரைக்கும் தாம்பத்தியத்துக்கு லீவு. கழுவறதுக்காகத் தோலைத் தள்ளினா, கழுவினதும் பழையபடி மூடிடணும். வராத தோலோட மல்லுக்கட்டவே கூடாது."

"மறுபடி ஏதாவது ஆச்சுன்னா டாக்டர்?"

"பத்து நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிக்கல, சீழ் வைக்குது, ஜுரம் அடிக்குது, யூரின் போகல, நுனி நிறம் மாறுது, இப்ப மாதிரி தோல் மாட்டிக்குது. இதுல எது வந்தாலும் நேரா இங்க வந்துடணும். ஜிப் மாட்டிக்கிட்டு விடலைன்னாலும் பிடிச்சு இழுக்காம, ஜிப்போடயே வாங்க. நாங்க வெட்டி எடுத்துடுவோம்."

"எதை டாக்டர்?"

"ஜிப்பை."

"ஜிப்பைத்தானே?" என்று இன்னொரு தடவை உறுதிப்படுத்திக்கொண்டார் மாஸ்டர்.

"காயமே படாம அடிக்கடி அங்க வெடிப்பு வந்தாலும் சர்க்கரை இருக்கான்னு பார்த்துடணும். கூச்சப்பட்டு எதிர்வீட்டுக்குப் போகாதீங்க."

வீடு திரும்பியபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. மனைவி கதவைத் திறந்தாள். சோபாவில் மெத்தென்று போர்வை விரித்திருந்தது. பக்கத்தில் புதுசாக வாங்கிவந்த தொளதொளப்பான பருத்தி உள்ளாடைகள்.

"அத்தானுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை.

மாஸ்டர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஸ்டியரிங்கைத் தொடாமலேயே இப்படி ஓட்டுகிற ஆளை அவர் பார்த்ததே இல்லை.

"அத்தானுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "எனக்கும் சரியாயிடுச்சு. நீ மட்டும் இல்லேன்னா..."

"போதும் போதும். முதல்ல உக்காருங்க. இப்பவாவது உக்கார முடியுதா?"

உட்கார்ந்தார். சுகமாக இருந்தது. வெந்நீர் வந்தது. தலையணை வந்தது. ராஜ உபசாரம்தான். அப்போதுதான் அவருக்கு வேலை ஞாபகம் வந்து திடுக்கிட்டார்.

"ரெண்டு மூணு நாள் லீவு சொல்லணுமே! காரணம் கேட்பாங்களே!"

"நான் மத்தியானமே சொல்லிட்டேன்."

"ஐயோ! உண்மையையா?"

"சேச்சே! உங்க மானம் எனக்குப் பெரிசில்லையா? நான் எதுக்கு அதைச் சொல்லப்போறேன்?"

மாஸ்டரின் கண் கலங்கியது. தங்கமான மனைவி என்று நினைத்துக்கொண்டார். அழைப்பு மணி அடித்தது. மனைவி போய்த் திறந்தாள். டிரைவிங் ஸ்கூல் ஆட்கள் அத்தனை பேரும், கற்றுக்கொள்ள வருகிறவர்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லோர் முகத்திலும் ஆழ்ந்த அனுதாபம். முன்னால் நின்ற ஆபீஸ் அம்மாள், நடுவில் பெரிய ஓட்டை போட்ட வட்டமான மெத்தை ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எல்லாரும் சேர்ந்து வாங்கினது மாஸ்டர். இனிமே கார்ல இது மேலதான் உக்காரணும், சரியா?"

அவர்கள் போன பிறகு, மாஸ்டர் அந்த ஓட்டை வழியாகவே மனைவியைப் பார்த்தார்.

"என்னன்னு சொல்லி வெச்சே?"

"பயப்படாதீங்க" என்றாள் அவள். "முன்னாடி விஷயம் ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதான், மூலம்னு சொல்லிட்டேன்."